முதலில் அளவுநாடா, பிறகு கார்டு

கணினியில் திரைப்படத்தை உருவாக்கித் தரும் புதிய கிராபிக்ஸ் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கணினிப் பெட்டியின், அதாவது கேபினட்டின் முன் ஒரு சனிக்கிழமை இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கார்டு உள்ளே நுழையவில்லை. 360 மில்லிமீட்டர் நீளம் வரை ஏற்கும் என்று கேபினட்டின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. என் கார்டு 322தான். ஆனால் முன்பக்கத்தில் நான் ஏற்கெனவே மாட்டியிருந்த, கணினியைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் தடிமன் 27, அதன் விசிறி 25. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 308. ரேடியேட்டரை மேற்கூரைக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே ரேமின் (கணினியின் தற்காலிக நினைவகம்) உயரமான தகடு இடித்தது. கடைசியில் புதுக் கேபினட் வாங்கினேன்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே வரிசையைத்தான் சொல்கிறேன்: முதலில் மானிட்டர், அதற்கேற்ற கார்டு, கார்டுக்கேற்ற கேபினட்.

மானிட்டரிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையிலோ 83 லட்சத்தை நெருங்கும். புள்ளிகள் கூடக் கூடக் கார்டுக்கு வேலை கூடும். புள்ளி குறைந்த திரையை வைத்துக்கொண்டு 4கே கார்டு வாங்குவது வீண். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

அடுத்து, பெயரில் உள்ள எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 2021இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம். 2023இல் வந்த 4060இல் 8 ஜிபிதான். 4060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகைகள் உண்டு. கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து எடுத்துவர வேண்டும். அந்த வழி மெதுவானது. சராசரி வேகம் நன்றாகவே தெரியும், ஆனால் திரும்பும் இடத்திலெல்லாம் படம் ஒரு கணம் திக்கும். விளையாடுபவனுக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. கனமான புதிய விளையாட்டுகளை 2560×1440 திரையில் ஆட நினைப்பவர் 12 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கட்சி.

மின்சாரக் கணக்கு எளிது. கார்டைச் செருகும் இடமான, மதர்போர்டின் (கணினியின் முதன்மைப் பலகை) ஸ்லாட் 75 வாட் தரும், ஒவ்வொரு எட்டு முள் இணைப்பும் 150 வாட் தரும். இரண்டு இணைப்பு கேட்கும் கார்டுக்கு இரண்டு தனித்தனி கேபிள் இழுங்கள். ஒரே கேபிளின் இரட்டைத் தலையை நான் பயன்படுத்துவதில்லை.

இப்போது கேபினட். நீளத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அதிலும் முன்விசிறி, ரேடியேட்டர் போக மிஞ்சுவதைத்தான் பார்க்க வேண்டும். தடிமனும் முக்கியம், அதை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள்: ஒரு ஸ்லாட் என்பது 20 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டரை ஸ்லாட் என்று விற்கும் கார்டு மூன்றை அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே விசிறி மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது அகலத்தில். கார்டின் விளிம்பில் செருகும் கேபிள், பக்கக் கண்ணாடியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். பெரிய கார்டுகளின் 16 முள் இணைப்பில் இது விளையாட்டல்ல. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் சிலருடைய இணைப்புகள் உருகிப்போயின. முழுதாகச் செருகாததே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே இடைவெளி தெரியாதபடி கடைசிவரை அழுத்துங்கள். செருகிய இடத்திலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிள் நேராக வரட்டும், அதன் பிறகே வளையட்டும். கண்ணாடியை மூடும்போது கேபிளை நெருக்கித் தள்ள வேண்டியிருந்தால் அந்தக் கேபினட் உங்களுக்கானது அல்ல.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் பார்க்க அழகுதான். நானும் அப்படி ஒன்றில் மயங்கியவன். இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுகின்றன. முன்னாலிருந்தோ கீழிருந்தோ காற்று வராவிட்டால் அதே சூடான காற்றைத்தான் திரும்ப உறிஞ்சும். வலை முகப்பு, முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. பலருக்கு இதுவே போதும்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு கேபினட் இருந்தால், வாங்கும் முன் சோதித்துவிடுங்கள். அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டி, கார்டின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதே விளையாட்டை அதே நேரம் மறுபடி ஓட்டுங்கள். என் கண்ணாடிக் கேபினட்டில் மூடியபோது 84 டிகிரி, திறந்தபோது 73. அப்படியென்றால் உள்ளே காற்று போதவில்லை. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் கவலையில்லை, பழைய கேபினட்டே இருக்கட்டும்.