ஒரே ஒழுக்கில் இரண்டு கோள்கள்: ஆணியடித்த சூரியனும் வேறு சில தவறுகளும்

அண்மையில் இரணைமடுக் குளக்கட்டில் உயர்தர மாணவர்கள் சிலருடன் வானம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரே ஒழுக்கில் இரண்டு கோள்கள் வரமுடியுமா என்ற கேள்வி எழுந்தது. முடியும் என்பதே விடை. ஆனால் அவர்கள் சொன்ன காரணங்களில் என்னுடைய பழைய பிழைகள் அப்படியே இருந்தன.

பாரமான கோள் மற்றதைத் துரத்திப் பிடிக்கும் எனல்

பிடிக்காது. தூரம் ஒன்றானால் சுற்றும் காலமும் ஒன்றே.

நட்சத்திரத்தை ஆணியடித்து வைத்தல்

ஒரு மாணவி மட்டையின் நடுவே ஆணியைக் குத்தி அதைச் சூரியனாக்கி, இரண்டு கோள்களை நேரெதிராக வைத்து, "சேர், எதிரும் புதிருமா விட்டா ஒண்டையொண்டு தொடாதெல்லோ?" என்றாள். பல்கலைக்கழகச் செயற்றிட்டத்தில் நானும் கணினியில் இதையே செய்தேன். நட்சத்திரத்தை மையத்தில் அசையாமல் நிறுத்தி, பூமியளவு திணிவுள்ள இரண்டு கோள்களை 180 பாகை இடைவெளியில் ஓடவிட்டேன். ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்தபோதும் அவை அந்நிலையைச் சுற்றியே மெல்ல ஊசலாடியதால், உறுதிச் சமநிலை என்று எழுதி, 3 மாத வேலையை அதன்மேல் கட்டினேன். "உம்முடைய நட்சத்திரத்தைக் கோள்கள் இழுக்காதோ?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அத்தனையும் வீணாயிற்று. இன்றும் இந்தத் தவற்றைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

முன்செல்லும் கோள் பின்வருவதை முன்னோக்கி இழுக்கும்போது, பின்வருவது சக்தி பெற்று வெளியே உயர்ந்து மெதுவாகச் சுற்றுகிறது. முன்செல்வதோ சக்தி இழந்து உள்ளே இறங்கி விரைகிறது. எனவே ஈர்ப்பு இருந்தும் இடைவெளி அகல்கிறது. ஆணியடித்த உலகில் நேரெதிர் நிலை உறுதியாகத் தோன்றுவது இதனாலேயே. நட்சத்திரத்தை விடுவித்தால், கோள்களால் அதுவும் இழுபடுவதன் விளைவு இதற்கு எதிராக வேலை செய்து, 180 பாகைக்கு அருகில் மேலோங்கி, அந்நிலையைக் குலைத்துவிடுகிறது. இரண்டு விளைவுகளும் சரிக்குச் சரியாவது 60 பாகையில். கணிதவியலாளர் லக்ராஞ்சி 1772இல் காட்டிய, நட்சத்திரமும் இரண்டு கோள்களும் மூலைகளாக நிற்கும் சமபக்க முக்கோணம் அதுவே. சமதிணிவுள்ள கோள்கள் மிகச் சரியாக எதிரெதிரே நிற்கும்வரை நட்சத்திரம் அசையாது என்பதுதான் தொடக்கநிலையாளரை ஏமாற்றுகிறது. நமது சூரியனும் ஆணியில் இல்லை: அதற்கும் வியாழனுக்கும் பொதுவான திணிவு மையம் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே உள்ளது.

60 பாகைப் புள்ளியைப் பள்ளம் எனல்

கோள்களுடன் கூடவே சுழலும் சட்டத்தில் அழுத்தசக்தியை நிலத்தின் மேடுபள்ளம்போல வரைந்தால், அது மேடு. அதே சட்டத்திலிருந்து பார்த்தால், விலகிச் சரியும் பொருளை, சுழற்சியால் தோன்றும் பக்கவிசையான கொரியோலிசு விசை வளைத்து, மேட்டைச் சுற்றிவரச் செய்கிறது. கோள்கள் இரண்டின் கூட்டுத் திணிவு முழுத் தொகுதியின் திணிவில் ஏறத்தாழ 4 வீதத்தைத் தாண்டினால் இந்தக் காப்பும் இல்லை.

நெருங்கினால் மோதும் எனல்

சனியின் துணைக்கோள்களான ஜேனசும் எபிமெதியசும் சுமார் 50 கிலோமீற்றர் மட்டுமே வேறுபட்ட ஒழுக்குகளில் சுற்றி, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருங்கி, மோதாமலே இடம் மாறிக்கொள்கின்றன. உள்ளே இருந்தது வெளியே போகிறது, வெளியே இருந்தது உள்ளே வருகிறது. மேலே சொன்ன இழுவையின் வேலைதான் அது.

கோள் சோடி அகப்பட்டுவிட்டது என எழுதுதல்

இன்னும் இல்லை. வியாழனின் ஒழுக்கில் 1906 முதல் கண்டறியப்பட்டுவரும் திரோசன்கள் சிறுகோள்களே. 2023இல் பிடிஎஸ் 70 என்ற இளம் நட்சத்திரத்தின் கோளொன்றுடன் அதே ஒழுக்கில், 60 பாகைப் புள்ளி ஒன்றின் அருகே தென்பட்டது தூசுத் திரளின் தடயம் மட்டுமே.