எப்போது சரியாகும் என்று தெரியாத நாட்களில் குடும்ப முடிவுகளை எடுப்பது எப்படி

2020 மார்ச் 27 அன்று தொடங்கவிருந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, ஏப்ரல் 14-க்குப் பிறகு நடக்கும் என்று முதலில் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் ஜூன் 1 என்று தேதி குறித்தார்கள். அதை ஜூன் 15-க்கு மாற்றினார்கள். கடைசியில் ஜூன் 9 அன்று தேர்வே ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைக்கவும் முடியாமல், மனம் ஊன்றிப் படிக்கவும் முடியாமல் இரண்டரை மாதங்களைக் கழித்தார்கள். தேதியை மாற்றியவர்களைக் குறைசொல்ல முடியாது. கொரோனா தொற்று எப்போது அடங்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு தேதியையும் உறுதி என்று நம்பி வீட்டு ஏற்பாடுகள் அனைத்தையும் அதை ஒட்டியே செய்துகொண்ட குடும்பங்கள், அது நகர்ந்த ஒவ்வொரு முறையும் நொடித்துப்போயின. இனியொரு பெருந்தொற்று வருமானால் அந்த அலைக்கழிப்பை எப்படிக் குறைத்துக்கொள்ளலாம் என்பதை, 2020 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் நடந்தவற்றை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

ஊரடங்கு ஆணையில் இருக்கும் கடைசித் தேதி அந்த ஆணை முடியும் தேதி மட்டுமே என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச் 25 அன்று 21 நாட்களுக்கு என்று தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு, ஏப்ரல் 14-இல் முடியாமல் மே 3, மே 17, மே 31 என்று நீண்டது. அதன் பிறகும் ‘தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு’ என்ற பெயரில் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டது. தொற்றின் போக்கை முன்கூட்டிச் சொல்வது ஏன் கடினம் என்பதற்குக் காரணம் உண்டு. உடலில் கிருமி புகுந்து அறிகுறி தெரிய இரண்டு முதல் பதினான்கு நாட்கள் வரை ஆகலாம். பரிசோதனை முடிவு வர மேலும் ஓரிரு நாட்கள் பிடிக்கும். உயிரிழப்பு நேர்வதென்றால் பெரும்பாலும் அதற்கும் சில வாரங்கள் கழித்தே நேரும். ஆகவே இன்று மாலை வெளியாகும் எண்ணிக்கை, கடந்த வாரமோ அதற்கு முந்தைய வாரமோ பரவியதன் கணக்கு. அதற்குள் மக்கள் நடமாட்டம் மாறியிருக்கும். சில சமயம் கிருமியே உருமாறியிருக்கும். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் அன்றாடத் தொற்று ஐந்நூறு அளவுக்கு இறங்கி, ஆபத்து விலகிவிட்டது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். டெல்டா என்ற உருமாறிய வகை பரவியபின், மே 21 அன்று அது 36,000-ஐத் தாண்டியது. எனவே, அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அந்தச் சொல்லை நம்பிப் பணத்தை இறக்காதீர்கள்.

எல்லாம் ஒரே நாளில் பழையபடி ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 7 அன்று மாவட்டங்களுக்கு இடையே பேருந்தும் சென்னையில் மெட்ரோ ரயிலும் மீண்டும் ஓடின. நவம்பர் 10 முதல் திரையரங்குகள் பாதி இருக்கைகளுடன் திறந்தன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2021 ஜனவரி 19 அன்றுதான் பள்ளிக்குள் நுழைந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்ததோ அதே ஆண்டு நவம்பர் 1 அன்று. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு உரியதாக இருந்த குழந்தை, முதன்முதலாகத் தன் வகுப்பறையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. மதுக்கடைகளோ, சென்னை நீங்கலாக, 2020 மே மாதமே திறக்கப்பட்டுவிட்டன. எது முதலில் திறக்கும் என்பதை நோயின் ஆபத்து மட்டும் தீர்மானிப்பதில்லை, அரசின் வருவாயும் தீர்மானிக்கிறது என்பதை இந்த வரிசை காட்டுகிறது. சிறு குழந்தைகளின் பள்ளி கடைசிக்குத் தள்ளப்பட்டதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, நீங்கள் காத்திருக்கும் காரியங்களை ஒரு நோட்டில் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்த்து வருவது, பிள்ளையின் படிப்பு, தம்பியின் திருமணம், கடையை முழுநேரம் நடத்துவது, தாத்தாவின் கண்புரை அறுவை சிகிச்சை என்று அது இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி எழுதாமல், என்னென்ன நடந்திருந்தால் அதைச் செய்யலாம் என்பதை எழுதுங்கள். அம்மாவைப் பார்ப்பதற்கு, பேருந்து ஓட வேண்டும், அவர் இருக்கும் மாவட்டத்தில் இரண்டு வாரமாகத் தொற்று இறங்குமுகமாக இருக்க வேண்டும், அவருக்குத் தடுப்பூசியின் இரண்டு தவணையும் முடிந்திருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் போதும். இப்படிப் பிரித்து எழுதும்போது சில காரியங்கள் காத்திருக்கவே வேண்டியதில்லை என்பதும் தெரியவரும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தும் பரிசோதனையும், கர்ப்பிணிகளின் மாதாந்தரச் சோதனை, குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசி ஆகியவற்றை ஊரடங்கு முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

அந்த நிபந்தனைகள் நிறைவேறிவிட்டனவா என்பதைத் தெரிந்துகொள்ளச் சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சி பெரிய எழுத்தில் காட்டும் புதிய தொற்றாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு நாள் 60,000 பேருக்குப் பரிசோதனை செய்து 3,000 பேருக்குத் தொற்று உறுதியானால், பரிசோதித்த நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் இருக்கிறது. மறுவாரம் பரிசோதனை 30,000 ஆகக் குறைந்து 2,400 பேருக்கு உறுதியானால், செய்தியில் ‘தொற்று குறைந்தது’ என்றே வரும்; ஆனால் நூறு பேரில் எட்டு பேருக்கு நோய் என்று நிலைமை மோசமாகியிருக்கிறது. விடுமுறை நாட்களில் பரிசோதனை குறைவதால் அடுத்த நாள் அறிக்கை இறங்கித் தெரிவதும் இதே காரணத்தால்தான். பரிசோதனை பரவலாக நடந்து, இந்த விழுக்காடு இரண்டு வாரம் தொடர்ந்து ஐந்துக்குக் கீழ் இருப்பதைத் தளர்வுகளுக்கான அளவுகோல்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் கூறியது. அதையே வீட்டுக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இதனுடன் புதிய தொற்றாளர்களின் ஏழு நாள் சராசரியையும், உங்கள் மாவட்ட மருத்துவமனைகளில் ஆக்சிஜன் வசதி கொண்ட படுக்கைகள் எத்தனை காலியாக உள்ளன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

மாவட்டம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூனில் சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் தொற்று இறங்கிப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தஞ்சாவூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் கட்டுப்பாடுகள் இறுக்கமாகவே இருந்தன. சென்னைச் செய்தியைப் பார்த்து ஈரோட்டில் முடிவெடுத்தால் தவறாகும். இந்த அறிக்கையை வாரத்துக்கு இரண்டு முறை, குறித்த நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு மூடிவிடுங்கள். மணிக்கொரு முறை கைப்பேசியைத் திறப்பதால் தகவல் கூடுவதில்லை, கலக்கம்தான் கூடுகிறது.

இனி முடிவுகளுக்கு வருவோம். திரும்பப் பெறக்கூடிய முடிவு, திரும்பப் பெற முடியாத முடிவு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு, முதல் வகையைத் தயங்காமலும் இரண்டாம் வகையை எவ்வளவு தாமதப்படுத்த முடியுமோ அவ்வளவு தாமதித்தும் எடுப்பது நல்லது. திருமணத்தை எடுத்துக்கொள்வோம். முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, சமையலுக்கு அச்சாரம் கொடுத்து, பத்திரிகையும் அடித்த பிறகு, ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற ஆணை வந்து நிலைகுலைந்த குடும்பங்கள் ஏராளம். ஐம்பது பேருக்குள் வீட்டில் தாலி கட்டுவது பெரும்பாலும் நடத்தக்கூடியது. ஐந்நூறு பேர் விருந்துதான் தொற்றைப் பொறுத்தது. இரண்டையும் பிரித்துவிட்டால் திருமணம் நிற்காது. என் கருத்தில், மனம் ஒத்துப்போன இரு வீட்டார் விருந்துக்காகத் திருமணத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அப்படியும் மண்டபம் வேண்டும் என்றால், அரசு ஆணையால் தடைபட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா, எத்தனை மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பியவர்களே அதிகம் இழந்தார்கள். பத்திரிகையைக் கடைசி இரண்டு வாரத்தில் அடித்தால் போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று மூன்று கணக்குகள் போடுங்கள். மூன்று மாதத்துக்குக் கையிருப்பே போதுமா, ஆறு மாதமானால் எந்தச் செலவை நிறுத்துவது, ஓராண்டானால் வாடகை குறைந்த வீட்டுக்கு மாறுவதா என்பதை நிதானமாக இருக்கும்போதே எழுதி வைத்தால், நெருக்கடி வரும் நாளில் வாக்குவாதம் இருக்காது. 2020-இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் இறுதி வரை கடன் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆனால் தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் நிலுவை இருந்தால், ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் கூடிவிடும். சம்பளம் வந்துகொண்டிருப்பவர் இத்தகைய சலுகையைத் தொடாமல் தவணையைக் கட்டிவிடுவதே நல்லது; வருமானம் நின்றவருக்கு அது உண்மையான உதவி, அவர் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். நகைக்கடனில் இன்னும் கவனம் தேவை. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், வங்கிகள் நகை மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் தரலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. கிடைக்கிறதே என்று முதல் மாதமே எல்லா நகையையும் அடகு வைத்தவர்களிடம் ஆறாம் மாதம் வைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு வளையலுக்கான தேவை வந்தால் வளையலை மட்டும் வையுங்கள். அரசு நிவாரணம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 2021-இல் அரிசி குடும்ப அட்டைக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணையாகத் தந்தார்கள். ஆனால் அதை வரவாக எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

குழந்தைகள் ‘பள்ளிக்கூடம் எப்ப திறக்கும்?’ என்று கேட்கும்போது, அப்போதைக்குச் சமாதானப்படுத்த ‘அடுத்த மாசம்’ என்று சொல்லிவிடுவது எளிது. இரண்டு முறை அது பொய்த்துவிட்டால் மூன்றாம் முறை அவர்கள் நம்ப மாட்டார்கள். ‘இப்ப யாருக்கும் தெரியலம்மா. திறந்தா முதல்ல பெரிய பிள்ளைங்களுக்குத் திறப்பாங்க, அப்புறம் உனக்கு. தெரிஞ்ச அன்னைக்கே உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்’ என்பது போன்ற பதிலில், அவர்கள் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. பெரிய தேதி தெரியாதபோது சின்னத் தேதிகள் அவர்களுக்குத் தேவைப்படுகின்றன; திங்கட்கிழமை மாலை அத்தையுடன் காணொளி அழைப்பு, வெள்ளிக்கிழமை கதை வாசிப்பு என்று நிச்சயமாக நடப்பவற்றை வாரத்தில் வைத்துவிடுங்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தை எனில் தினமும் உரக்கத் தமிழ் வாசிப்பதையும் சிறு கணக்குகளையும் மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற பாடங்களைப் பிறகு பிடித்துவிடலாம். பள்ளி மூடிய காலத்தின் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வேளைகளில் வீட்டருகிலேயே பாடம் நடத்தியது. உங்கள் தெருவில் படித்த ஒருவர், முகக்கவசத்துடன் திறந்த வாசலில் நான்கைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டால், அரசு தொடங்கும்வரை காத்திருக்காமலேயே இதைச் செய்யலாம்.

இக்காலத்தில் ஒருவரை இழந்த வீட்டுக்கு மேலே சொன்ன கணக்குகள் பொருந்தா. இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கலந்துகொள்ள முடியாமல், கடைசியாக முகம் பார்க்கவும் வழியின்றித் தவித்தவர்களிடம், எல்லாம் சீக்கிரம் பழையபடி ஆகிவிடும் என்று ஆறுதல் சொல்லக் கூடாது. காரியத்தை வீட்டளவில் முடித்துக்கொண்டாலும், உறவினர்கள் கூடி நினைவுகூரும் ஒரு நாளைத் தடை நீங்கியபின் நடத்துவோம் என்று அந்த வீட்டாருக்கு வாக்குக் கொடுங்கள்; ஓராண்டு கழிந்திருந்தாலும் அதை நடத்துங்கள். தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடின்மை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ பேசச் சொல்லுங்கள். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

தளர்வுகள் வந்தபின் நோட்டில் உள்ள காரியங்களை ஒரே வாரத்தில் செய்து முடிக்க முயலாதீர்கள். ஒன்றைத் தொடங்கி, இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, மாவட்ட விழுக்காடும் ஏறவில்லை என்று பார்த்தபின் அடுத்ததைத் தொடங்குங்கள். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் என்ற உருமாறிய வகை பரவி, திறந்திருந்த பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டுப் பிப்ரவரி 1 அன்று திறந்தன. அப்படித் தொற்று ஏறும்போது நிபந்தனை தவறிய காரியத்தை மட்டும் நிறுத்தினால் போதும். வாழ்க்கை முழுவதையும் மறுபடி பூட்டி வைக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே நெடுங்காலம் இருந்துவிட்ட முதியவர்கள் வெளியே வரத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். முதல் வாரம் காலையில் தெருமுனை வரை நடக்கட்டும், பிறகு கூட்டமில்லாத வேளையில் கோயிலுக்குப் போகட்டும், காற்றோட்டமில்லாத மண்டபத்தில் நடக்கும் விசேஷத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.