நாற்பதுக்கு மேல் பியானோ கிரேடு: இரண்டு பரீட்சைகளுக்கு நடுவே எவ்வளவு நாள் விடுவது?

கிரேடு 2 சர்டிபிகேட் கைக்கு வந்த வாரம், திருமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அங்கே ஒரு கீபோர்டு கிடந்தது. "மாமா பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டாராம்ல, ஏதாவது வாசிங்க மாமா" என்று பிள்ளைகள் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது மூன்றே உருப்படி, மூன்றும் பரீட்சைக்கு வாசித்தவை. முதலாவது எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) நின்றுபோனது. இரண்டாவதில் இடது கை எங்கே ஆரம்பிக்கும் என்பதே மறந்துவிட்டது. "பிறந்தநாள் பாட்டாவது தெரியுமா மாமா?" என்று ஒரு வாண்டு கேட்டது. அதுவும் தெரியவில்லை.

காரணம் தேடிப் பார்த்தால் டைப்ரைட்டிங்கில் போய் நிற்கிறது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். இருபது வயதில் லோயர், ஹையர் இரண்டையும் அடுத்தடுத்து முடித்தேன். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை, எழுது, பாஸ் பண்ணு, அடுத்ததுக்குப் பணம் கட்டு. 41 வயதில் பியானோவுக்கு வந்தபோதும் அதே புத்திதான். இனிஷியல் (கிரேடு 1க்கு முந்தைய ஆரம்பப் பரீட்சை) முடிந்ததும் கிரேடு 1, அது முடிந்த ஆறாவது மாதம் கிரேடு 2. இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றிக்கொண்டேன் என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். நீங்களும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் என்றால் உதவும்.

முதல் படி: மாதத்தை விடுங்கள், மணிக்கணக்கு போடுங்கள்

நம்மூரில் பலரும் எழுதுவது டிரினிட்டி காலேஜ் லண்டன் பரீட்சை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இன்னொரு பிரிட்டிஷ் அமைப்பின் பரீட்சை எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் இனிஷியல் தொடங்கி கிரேடு 8 வரை. வயது வரம்பு கிடையாது. ஒவ்வொரு கிரேடுக்கும் வகுப்பு, வீட்டுப் பயிற்சி எல்லாம் சேர்த்துச் சராசரியாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒரு கணக்கு உண்டு: இனிஷியல் 40 மணி, கிரேடு 1க்கு 60, கிரேடு 2க்கு 90, கிரேடு 3க்கு 120, கிரேடு 4க்கு 150, கிரேடு 5க்கு 180.

இதை உங்கள் வாரத்தால் வகுத்துப் பாருங்கள். நாளைக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வாரம் 2.5 மணி. கிரேடு 1க்கு 24 வாரம். கிரேடு 2க்கு 36. கிரேடு 3க்கு 48, அதாவது ஏறக்குறைய ஒரு வருஷம். கிரேடு 5க்கு 72 வாரம். இனிஷியலில் இருந்து கிரேடு 5 வரை மொத்தம் 640 மணி; இந்த வேகத்தில் போனால் ஐந்து வருஷம் ஆகும். கிரேடு ஏற ஏற இடைவெளியும் நீண்டுகொண்டே போவதைக் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது கிரேடு 1 வரைதான் செல்லுபடியாகும். 36 வாரம் பிடிக்க வேண்டிய கிரேடு 2ஐ நான் 26 வாரத்தில் எழுதினேன். அதிலும் நடுவே தீபாவளி சீசன்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து நேரத்தை மட்டும் எழுதி வாருங்கள். "செவ்வாய், 25 நிமிஷம்" போதும். வகுப்புக்குப் போன நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். யூடியூபில் பியானோ பார்த்த நேரத்தைச் சேர்க்கக் கூடாது (சேர்த்துப் பார்த்தேன், நோட்டு மட்டும்தான் நிறைந்தது).

இரண்டாம் படி: உங்கள் வருஷத்தில் கழிக்க வேண்டிய மாதங்களைக் கழித்துவிடுங்கள்

பிள்ளைகளுக்குப் பள்ளிப் பரீட்சை மட்டும்தான் குறுக்கே வரும். நமக்கு எல்லாமே வரும். என் கணக்கில் தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரம் சுத்தமாகப் பூஜ்யம். கடையை விட்டு இறங்கவே ராத்திரி பதினொன்று ஆகிவிடும். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம் தொடங்கி அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரை வீடு நிறைய விருந்தாளிகள், ஹாலில் ஆள் படுத்திருக்கும். அதற்கு நடுவே எங்கே ஸ்கேல் (சுர வரிசை) வாசிப்பது? பேங்க்கில், ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் போய்விடும்.

இந்த வாரங்களைக் காலண்டரில் பென்சிலால் அடித்துவிட்டு, மிச்சத்தில் மணிக்கணக்கை வைத்துப் பாருங்கள். எனக்கு 52 வாரத்தில் 42தான் தேறியது. பரீட்சை வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் நடப்பதால், ஒன்றை விட்டால் அடுத்தது இருக்கிறது. மையம் மதுரையிலேயே அமையுமா, வெளியூர் போக வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், லீவு போட வேண்டியிருக்கும். கரண்ட் நிறுத்துகிற நாளில் டிஜிட்டல் பியானோ வெறும் மேஜைதான். அன்றைக்குத் தாளத்தைத் தொடையில் தட்டிப் படிக்கலாம்.

மூன்றாம் படி: மார்க் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

டிரினிட்டியில் மொத்தம் 100. மூன்று உருப்படிகளுக்குத் தலா 22, ஆக 66. ஸ்கேல் முதலான டெக்னிக்கல் வேலைக்கு 14. மீதி 20 இரண்டு துணைத் தேர்வுகளுக்கு. கிரேடு 5 வரை சைட் ரீடிங் (முன்பு பார்க்காத இசைக்குறிப்பை அங்கேயே பார்த்து வாசிப்பது), காதால் கேட்டுச் சொல்வது, இசையறிவுக் கேள்வி, இம்ப்ரொவைசேஷன் (அப்போதே கற்பனை செய்து வாசிப்பது) நான்கில் நமக்குப் பிடித்த இரண்டை எடுக்கலாம். 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் மொத்தம் 150; பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130.

கிரேடு 2இல் நான் வாங்கியது 63. உருப்படிகளில் 47, ஸ்கேலில் 7, துணைத் தேர்வு இரண்டிலும் சேர்த்து 9. அவசரத்தில் படித்தவன் மார்க் இப்படித்தான் இருக்கும். உருப்படியை மனப்பாடமாக உருப்போட்டுவிடலாம். சைட் ரீடிங்கை உருப்போட முடியாது. அரை நிமிஷம் பார்க்கத் தருவார்கள், பிறகு வாசிக்க வேண்டும். அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் சேரும். இடைவெளி தேவைப்படுவது முக்கியமாக இதற்காகத்தான்.

நான்காம் படி: அரை மணியைப் பிரிப்பது

ஐந்து நிமிஷம் ஸ்கேல். ஐந்து நிமிஷம் சைட் ரீடிங், இரண்டு கிரேடு கீழே உள்ள எளிய புத்தகத்திலிருந்து. பதினைந்து நிமிஷம் உருப்படி. கடைசி ஐந்து நிமிஷம் பழைய உருப்படி ஒன்று. இந்தக் கடைசி ஐந்து நிமிஷம் இருந்திருந்தால் திருமங்கலத்தில் மானம் போயிருக்காது.

ஸ்கேலில் ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சி மேஜரில் வலது கை விரல் 1-2-3 போனதும் கட்டைவிரல் அடியில் நுழைந்து மறுபடி 1 ஆகிவிடும். எஃப் மேஜரில் அப்படியே போனால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் நாலாவது சுரம் பி ஃபிளாட், கறுப்புக் கட்டை. கட்டைவிரலால் அதில் ஏறினால் கை கோணிக்கொள்ளும். அதனால் 1-2-3-4, நாலாம் விரல் கறுப்பில் இருக்கும்போதே கட்டைவிரல் அடியால் போய் சி-யில் 1. அடுத்து 2-3-4, எஃப்-இல் முடிந்தது. ஐந்தாம் விரலுக்கு வேலையே இல்லை. இந்த ஒரு நுழைவை மட்டும், மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60இல் வைத்து, பி ஃபிளாட், சி, பி ஃபிளாட், சி என்று முன்னும் பின்னுமாக இருபது தடவை செய்யுங்கள். முழு ஸ்கேலை இருபது தடவை ஓட்டுவதைவிட இது வேகமாகப் படியும்.

நான் இதைச் செய்தபோது எங்கள் டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சார், இது டைப்ரைட்டர் இல்ல. எல்லா விரலையும் ஒரே மாதிரி குத்துறீங்க" என்றார். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டைப் அடித்த விரலுக்குக் கட்டையைத் தேடிப் போகத் தெரியும், மெதுவாக அமுக்கத் தெரியாது. அந்தக் குணம் மாற எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் தனியாக மணிக்கணக்கு போட்டிருக்கவில்லை.

ஐந்தாம் படி: படித்து முடித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பெரும்பாலோர் பணம் கட்டிவிட்டு அந்தப் பயத்தில் படிப்பார்கள். பிள்ளைகளுக்கு அது சரிப்படலாம். நமக்கு ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம் வந்தால் திட்டம் குலைந்துவிடும். நான் இப்போது வைத்திருக்கும் விதி: மூன்று உருப்படியையும் விரல் சூடாகும் முன்பே, வேலையிலிருந்து வந்த கையோடு, போனில் ரெக்கார்டு போட்டுவிட்டு நிற்காமல் வாசிக்க வேண்டும். இப்படி அடுத்தடுத்து மூன்று நாள். தப்பு வரலாம், நின்றுவிடக் கூடாது. மூன்று நாளும் தாண்டினால்தான் விண்ணப்பம். முதல் தடவை இதை முயன்றபோது நாலு மாதம் தள்ளிப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

வீட்டில் 61 கட்டை கீபோர்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்துக்கு வருமுன்னே, கனமான கட்டை உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவுக்கு மாறிவிட வேண்டும். முடியாவிட்டால் வகுப்பிலோ தெரிந்த சர்ச்சிலோ கேட்டு வாரம் ஒரு தடவையாவது நிஜப் பியானோவில் வாசியுங்கள். நான் இனிஷியல் எழுதியது அக்கூஸ்டிக் பியானோவில். தொட்டேன், பாதி சுரம் சத்தமே வரவில்லை. என் கீபோர்டு பழக்கத்துக்கு அந்தக் கட்டை உரல் மாதிரி கனத்தது. எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு டிரினிட்டியில் தனிப் பரீட்சையே இருக்கிறது, அதையும் யோசிக்கலாம்.

பரீட்சை அறையில் ஆகிற நேரம் கிரேடு 3 வரை கால் மணிகூட இல்லை. உட்கார்ந்ததும் முதலில் ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்யுங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். டிரினிட்டியில் எதை முதலில் வாசிப்பது என்பதை நாமே சொல்லலாம். நான் ஸ்கேலை முதலில் வைத்தேன், கை நடுக்கம் அதில் அடங்கிவிடும்.

ஆறாம் படி: எல்லாப் படியிலும் கால் வைக்க வேண்டியதில்லை

இரண்டு அமைப்புமே முந்தைய கிரேடு சர்டிபிகேட்டைக் கேட்பதில்லை. 1, 3, 5 என்று எழுதலாம். நடுவிலுள்ள கிரேடுகளின் புத்தகத்தைப் பரீட்சை இல்லாமல் வாசித்துத் தள்ளலாம். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் மட்டும் பிராக்டிகல் கிரேடு 6க்குப் போக அவர்களுடைய கிரேடு 5 தியரி அல்லது அதற்கு ஈடான ஒன்று தேவை. டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டில் வீடியோ எடுத்து அனுப்பும் முறையும் இரண்டிலும் வந்துவிட்டது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது நல்லது என்பார்கள். நாற்பது தடவை ரீடேக் எடுக்கத் தோன்றும் என்பதால் எனக்கு அது ஆகாது.

பரீட்சை முடிந்ததும் மூன்று மாதம் புத்தகத்தை மூடி வையுங்கள். சினிமாப் பாட்டு, கீர்த்தனை, கொயர் பாட்டு, எதுவானாலும் சரி, காதால் கேட்டுப் பிடியுங்கள். "இந்த வயசுல என்னத்தை" என்று கேட்பவர்களுக்கு, பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா இருக்கிறார். அப்போது அது மதுரை மாவட்டம்தான். அவர் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தது இருபதுகளின் நடுவில். பிறகு டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் பரீட்சையில் தங்கப் பதக்கம். அவர் இளையராஜா, நான் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை என்று என் மனைவி ஞாபகப்படுத்தினாள். அதுவும் சரிதான்.

கிரேடு 3க்கான என் நோட்டில் இன்றைக்கு 74 மணி இருக்கிறது. இன்னும் 46. நடுவே தீபாவளி. விண்ணப்பம் தை பிறந்த பிறகுதான். அதற்குள் பிறந்தநாள் பாட்டு இரண்டு கையாலும் வந்துவிட்டது. தங்கச்சி மகளுக்கு வருகிற மாதம் முதல் பிறந்தநாள்.