சேலத்திலிருந்து அந்தமான்: கையைக் கடிக்காமல் போய்வர

முதன்முதலாகத் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் ரூம் வாடகையில்தான் பேரம் பேசுவார்கள். அந்தமானில் காசு கரைவது விமானத்திலும் படகிலும்தான். அந்த இரண்டையும் முதலில் முடியுங்கள், ரூம் அப்புறம்.

முதல் வேலை விமான டிக்கெட். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இரண்டேகால் மணி நேரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டை விட்டுவிட்டு பிப்ரவரி, மார்ச்சில் வார நடுவே தேதி பாருங்கள். சேலத்தில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவே விமான நிலையம் வரை போகிறது. ஆட்டோக் காசு மிச்சம். பையில் நாலு பாக்கெட் தட்டுவடை போட்டுக்கொள்ளுங்கள், படகில் கைகொடுக்கும்.

அடுத்தது ஹேவ்லாக் தீவுக்கு (2018 முதல் ஸ்வராஜ் தீவு) படகு. தனியார் படகில் ஏசி உண்டு, கட்டணமும் அதற்கேற்ப. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும் அரசுப் படகு மிகவும் மலிவு. இரண்டரை மணி நேரம் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கிக்கொண்டே போகலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும் அன்றே ஊருக்கு விமானம் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி தங்கும் செலவு, விமானத்தைத் தவறவிடும் செலவில் கால்வாசிகூட வராது.

ஹேவ்லாக்கில் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். ராதாநகர் கடற்கரை தூரம், அதற்கு அரசுப் பேருந்து இருக்கிறது. சரி, எப்போது போவது? அங்கே சேலத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் போனபோது இது எனக்குத் தெரியாது. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஐந்தேகாலுக்கு ராதாநகர் போனேன். மணலில் செருப்பைக் கழற்றும்போதே தண்ணீர் கறுத்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்து அந்த நீலத்தைப் பார்க்காமல் திரும்பியது நெஞ்சை அடைத்தது. மறுநாள் நாலரைக்கே எழுந்து காலாபத்தர் கடற்கரைப் பக்கம் சைக்கிளை மிதித்தேன். ஐந்தரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம், கரையில் நானும் இரண்டு நாய்களும்தான். நீங்களும் காலை நேரத்தை விடாதீர்கள்.

கடைசி நாள் போர்ட் பிளேரில் இருக்கும் செல்லுலார் சிறைக்கு. 1906-இல் கட்டி முடித்தது. ஒவ்வொரு அறையின் வாசலுக்கும் எதிரே தெரிவது அடுத்த கட்டிடத்தின் முதுகுதான். ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றே அப்படிக் கட்டினார்கள். ஒரு அறைக்குள் போய் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பதையும் விமானத் தேதி குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.