சிறு விமானத்துக்கு விஎஸ்ஐ வாங்கும் முன்

விமானம் நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டுவது விஎஸ்ஐ (செங்குத்து வேகங்காட்டி). வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் டயல் வரம்பு.

விமானக் கையேட்டைத் திறந்து, கடல்மட்டத்தில் அதிகபட்ச ஏற்ற வேகம் எவ்வளவு என்று பாருங்கள். நிமிடத்துக்கு 700 அடி என்றால் ±2000 டயல் (மேலும் கீழும் நிமிடத்துக்கு 2000 அடி வரை காட்டுவது) தாராளம். ±4000 வாங்கினால் முள் நடுவிலேயே ஊசலாடும். 100 அடி வித்தியாசம் கண்ணில் படாது. மெதுவாக ஏறும் அல்ட்ராலைட்டுக்கு ±1000 நல்லது. டயல் மீட்டர் கணக்கில் இருந்தால், நொடிக்கு 1 மீட்டர் என்பது நிமிடத்துக்குச் சுமார் 200 அடி.

பிறகு பேனல் துளையை அளந்துகொள்ளுங்கள். 3⅛ அங்குலம், 2¼ அங்குலம் இரண்டும் வழக்கமான அளவுகள். பின்புறம் குழாய் வளைய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி கருவியின் வகை. சாதாரண விஎஸ்ஐயில் ஸ்டாட்டிக் காற்று (விமானத்தின் பக்கவாட்டுத் துளை வழியாக வரும் வெளிக்காற்று அழுத்தம்) டயஃப்ரம் என்ற மெல்லிய உலோக உறைக்குள் நேரே போகிறது. பெட்டிக்குள் மட்டும் நுண்துளை வழியாக மெல்லக் கசிகிறது. இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் முள்ளை நகர்த்துகிறது. அதனால் திசை உடனே தெரியும், சரியான எண் நிலைக்க 6 முதல் 9 நொடி ஆகும். முள்ளைத் துரத்தி விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்காதீர்கள். ஐவிஎஸ்ஐ (உடனடி விஎஸ்ஐ) இந்தத் தாமதத்தைக் குறைக்கும், ஆனால் அதிகமாகச் சாய்ந்து திரும்பும்போது தவறாகக் காட்டும். கற்பவருக்குச் சாதாரணமானதே போதும் என்பது எங்கள் கருத்து. டிஜிட்டல் கருவிக்கு மின்சாரம் வேண்டும். சான்றளிக்கப்பட்ட விமானம் என்றால் அங்கீகரிக்கப்பட்ட கருவியையே, உரிமம் பெற்ற பொறியாளரைக் கொண்டு பொருத்த வேண்டும்.

பொருத்தும்போது மரையில் டேப் சுற்றினால் முதல் இரண்டு மரைகளை விட்டுவிடுங்கள். துணுக்கு உள்ளே போனால் நுண்துளை அடைபடும். ஸ்டாட்டிக் குழாயில் வாயால் ஊதவே கூடாது, டயஃப்ரம் கெட்டுவிடும்.

கசிவுச் சோதனைக்கு பிட்டோ குழாய் (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுபோவது), ஸ்டாட்டிக் குழாய் இரண்டையும் டீ இணைப்பால் சேர்த்து, சிரிஞ்சால் மெல்ல உறிஞ்சுங்கள். ஸ்டாட்டிக்கை மட்டும் உறிஞ்சினால் வேகமானியின் முள் எல்லை தாண்டிப் பழுதாகலாம். விஎஸ்ஐ முள்ளும் எல்லையை முட்டக் கூடாது. ஆல்டிமீட்டர் (உயரமானி) 1000 அடி ஏறியதும் குழாயை மூடுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள். காற்றைத் திரும்ப விடுவதும் மெல்லத்தான்.

தரையில் முள் பூஜ்யத்தில் இல்லையென்றால் முகப்பில் உள்ள திருகால் சரிசெய்யலாம். பறக்கும்போது ஏறினாலும் இறங்கினாலும் முள் பூஜ்யத்திலேயே நின்றால், ஸ்டாட்டிக் துளை அடைபட்டிருக்கிறது. அப்போது ஆல்டிமீட்டரையும் வேகமானியையும் நம்ப வேண்டாம், மாற்று ஸ்டாட்டிக் வால்வை (வேறு வழியாகக் காற்றழுத்தம் தருவது) திறந்துவிடுங்கள்.