வீட்டில் கார்த்திகை தீபம்: முதல்முறை ஏற்றுபவர்களுக்கு

தனிக்குடித்தனம் வந்து முதல் கார்த்திகை, கூட இருந்து சொல்லித்தரப் பெரியவர்கள் இல்லை என்றால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஆறு அகல் போதும். எத்தனை விளக்கு என்பதைவிட, வீட்டில் இருக்கும் எல்லார் கையும் அந்த வேலையில் பட வேண்டும் என்பதே எனக்கு முக்கியம். மழையும் சீக்கிரம் கவியும் இருட்டுமான மாதம் இது. எல்லாரும் ஒன்றாக உட்காரும் அந்த ஒரு சாயங்காலம் மனசுக்கு அவ்வளவு தெம்பு தரும்.

முந்தின நாள்: அகலும் திரியும்

புது அகலில் அப்படியே எண்ணெய் ஊற்றினால் அகலே குடித்துவிடும், அடியிலும் கசியும். இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் துடைத்துக் காயவையுங்கள். பஞ்சுத் திரியை நல்லெண்ணெயில் முழுக்க நனைத்து எடுத்து வைப்பது குழந்தைகளின் வேலை.

காலையில்: பொரி உருண்டை

4 கப் பொரிக்கு 1 கப் பொடித்த வெல்லம், கால் கப் தண்ணீர். வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். ஏலக்காய், சுக்குப் பொடி, நெய்யில் வறுத்த தேங்காய்க் கீற்று சேர்க்கலாம்.

எல்லாம் பாகுப் பதத்தில்தான் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் உருண்டை பிடிபடாது, மறுநாள் நமுத்துப்போகும். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள். இந்தச் சூடு பெரியவர்கள் கைக்கு மட்டும்தான். நடுவில் இறுகிவிட்டால் சிறு தீயில் ஒரு நிமிடம் வைத்தால் இளகிக்கொடுக்கும்.

சாயங்காலம்: ஏற்றுவது

வாசலில் மாக்கோலம், ஓரத்தில் காவி. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏறும். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு ஏற்றும் வீடுகள் நிறைய. முதலில் சாமி விளக்கு, அதிலிருந்து மற்றவை. நிலைப்படியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, துளசிச் செடிக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, கொல்லையிலோ பால்கனியிலோ ஒன்று. ஆளுக்கு ஒன்றாவது ஏற்றட்டும். திரைச்சீலை பக்கம் மட்டும் வேண்டாம்.

சில ஊர்களில் அடுத்து வரும் நாளைக் குப்பைக் கார்த்திகை என்பார்கள். குப்பைமேட்டிலும் ஒரு விளக்கு வைப்பார்கள். கார்த்திகையில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இதுதான். நம் கழிவையெல்லாம் ஏற்றுக்கொள்கிற இடத்துக்கும் வெளிச்சத்தில் பங்கு உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் குப்பைத் தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு தட்டில் வைத்து ஏற்றலாம்.

எல்லாம் முடிந்ததும் அகலை வெந்நீரில் சீயக்காய் போட்டுக் கழுவிக் காயவைத்து, காகிதம் சுற்றி எடுத்து வையுங்கள். அடுத்த வருஷமும் அதையே ஏற்றலாம்.