நாட்பட்ட சோர்வு நோய்: ஆற்றலை அளந்து வாழவும் நோயை நிறுவவும் ஒரு வழிகாட்டி

மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ், சுருக்கமாக எம்.இ. என்றும், நாட்பட்ட சோர்வு நோய் என்றும் வழங்கப்படும் இந்த நோயோடு வாழ்பவர் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. உடலில் மிஞ்சியிருக்கும் ஆற்றலை அளந்து செலவிடுவது ஒன்று. தமக்கு நோய் இருப்பதை மருத்துவரிடமும் முதலாளியிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் திரும்பத் திரும்ப நிறுவுவது மற்றொன்று. இரண்டாவது வேலை முதல் வேலைக்கு வைத்திருந்த ஆற்றலையே தின்றுவிடுவதால், இரண்டுக்கும் ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொள்வதே சரியான வழி என்று கருதுகிறேன்.

முதலில் நோயைச் சரியாக அடையாளம் காண வேண்டும். 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வகுத்த அளவுகோலின்படி, முன்பு செய்ய முடிந்த வேலைகள் ஆறு மாதங்களுக்கு மேலாகப் பெருமளவு குறைந்திருக்க வேண்டும். தூங்கி எழுந்தாலும் களைப்பு தீராமலிருக்க வேண்டும். உழைப்புக்குப் பிந்தைய சரிவு, அதாவது சிறு உழைப்புகூடப் பின்னர் உடல்நிலையை மோசமாக்குவது, இருக்க வேண்டும். இவற்றோடு சிந்தனைத் தடுமாற்றமோ, நிமிர்ந்து நிற்கும்போது கூடும் உபாதையோ, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். தைராய்டு கோளாறு, இரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் போன்றவை இல்லை என்று சோதித்து விலக்கிய பிறகே முடிவுக்கு வர இயலும், ஏனெனில் இந்த நோயைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட நெறிமுறை, பெரியவர்களுக்கு ஆறு வாரங்களிலேயே சந்தேகிக்கலாம் என்றும் மூன்று மாதங்களில் நோயை உறுதிசெய்யலாம் என்றும் கூறுகிறது. உறுதிச்சீட்டு கைக்கு வரும்வரை பழைய வேகத்திலேயே ஓட வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. சந்தேகம் எழுந்த அன்றே ஓய்வைக் கூட்டிவிடலாம்.

உழைப்புக்குப் பிந்தைய சரிவே இந்த நோயின் மையம். நடை, குளியல், நீண்ட தொலைபேசி உரையாடல், ஒரு படிவத்தை நிரப்புவது என எதுவும் அதைக் கிளப்பிவிடலாம். அது பெரும்பாலும் உடனே வருவதில்லை. 12 முதல் 48 மணி நேரம் கழித்து வந்து, நாள்களாகவோ வாரங்களாகவோ நீடிக்கிறது. செவ்வாய்க்கிழமை படுக்கையில் வீழ்த்தியது ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தினர்தான் என்பது எழுதி வைத்தால் அன்றித் தெரியாது. எனவே குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் செய்த வேலை, நிமிர்ந்திருந்த நேரம், அன்றைய நிலை ஆகியவற்றை இரண்டே வரிகளில் குறித்தால் போதும். நீளமாக எழுதுவதும் உழைப்புதான். சில வாரங்களில் எந்த அளவைத் தாண்டினால் சரிவு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அந்த எல்லைக்கும் சற்று உள்ளேயே நின்றுகொள்வதுதான் ‘பேசிங்’ எனப்படுவது. நல்ல நாள் வந்ததும் தேங்கிய வேலைகளை எல்லாம் முடித்துவிடத் துடிப்பது இயல்பே என்றாலும், அந்த நாளின் மிச்சம் சேமிப்பல்ல, கந்துவட்டிக் கடன்.

நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் இதற்கு உதவும். காலையில் எழுமுன், படுத்த நிலையில் பல நாள்கள் பார்த்த துடிப்பின் சராசரியோடு 15-ஐக் கூட்டி, அந்த எண்ணைத் தாண்டும்போது வேலையை நிறுத்துவது பல நோயாளிகள் பின்பற்றும் ஒரு தொடக்க விதி. இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு இந்த எண் பொருந்தாது.

குளியலை எடுத்துக்கொள்ளலாம். நிற்பது, வெந்நீர், கையைத் தலைக்கு மேல் தூக்குவது ஆகிய மூன்றும் துடிப்பை ஏற்றுகின்றன. மூன்றையும் பிரித்துவிட்டால் அதே குளியல் எல்லைக்குள் வந்துவிடுகிறது. முக்காலியில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில் குளித்து, தலைக்குக் குளிப்பதைத் தனி நாளுக்கு ஒதுக்கி, முடிந்ததும் துவட்டுவதைக்கூடத் தள்ளிப்போட்டு, பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு அப்படியே படுத்துவிட வேண்டும். சமையல், துணி மடிப்பது, மின்னஞ்சல் எழுதுவது என்று ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

நிமிர்ந்தால் தலைசுற்றுகிறது, படபடக்கிறது என்றால் அதைத் தனியாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். படுத்திருந்தவர் எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்தபடி அசையாமல் 10 நிமிடம் நிற்க, துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நிமிடந்தோறும் குறிப்பார்கள். பெரியவர்களுக்குத் துடிப்பு, படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, அப்படியே நீடித்தால் போட்ஸ் எனப்படும் கோளாறு இருக்கலாம். மயங்கி விழ வாய்ப்பிருப்பதால் துணைக்கு ஒருவர் இன்றி இதைச் செய்யக் கூடாது. எம்.இ. நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து இல்லாவிட்டாலும், போட்ஸுக்கு நீர், உப்பு, அழுத்தக் காலுறை, சில மருந்துகள் என மருத்துவர் கைகொடுக்க முடியும்.

இனி அரசியல். இதை வரலாற்று ஆர்வத்துக்காக அல்ல, மருத்துவமனைக்குள் நுழையுமுன் தற்காப்புக்காக அறிந்திருக்க வேண்டும். 1955-இல் இலண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் ஏறத்தாழ 300 பேர் நோயுற்று, மருத்துவமனையையே மூட நேர்ந்தது. 1970-இல் இரண்டு உளநல மருத்துவர்கள், நோயாளிகளைச் சோதிக்காமல் பழைய குறிப்புகளை மட்டும் படித்து, அது கூட்டு மனக்கிளர்ச்சியே என்று எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் மிகுதி என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த நோய்க்கென ஒதுக்கிய நிதியில் பல மில்லியன் டாலரை வேறு பணிகளுக்குத் திருப்பியது 1999-இல் தணிக்கையில் வெளிப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட அன்றாட வாழ்வைத் தொட்டது 2011-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பேஸ் ஆய்வு. 641 பேரிடம் நடந்த அந்த ஆய்வு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனப்போக்கை மாற்றும் உளவியல் சிகிச்சையும் பலன் தருவதாகக் கூறியது. செலவில் ஒரு பகுதியை பிரிட்டனின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை ஏற்றிருந்தது. நூற்றுக்குக் கணக்கிடப்படும் உடல் செயல்பாட்டு மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும். ஆனால் குணமடைந்ததற்கான எல்லை முதலில் வைத்த 85-இலிருந்து 60-ஆகப் பின்னர் இறக்கப்பட்டதால், சேரும் அளவுக்கு நோயுற்றிருந்த ஒருவரே அந்த அளவையில் குணமானவராகவும் கணக்கிடப்படலாம் என்ற விந்தை நிகழ்ந்தது. ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர் தகவல் கேட்டுத் தொடர்ந்த வழக்கில், தரவுகளை வெளியிடுமாறு 2016-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2017-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்தச் சிகிச்சைப் பரிந்துரைகளைத் தன் பக்கங்களிலிருந்து நீக்கியது. 2021 அக்டோபரில் நைஸ், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை அளிக்கவே கூடாது என்றும், உளவியல் சிகிச்சை ஆதரவாக இருக்கலாமேயன்றி நோயைத் தீர்ப்பதாகக் கருதக் கூடாது என்றும் அறிவித்தது.

ஆகவே, பழைய பாடத்தைப் படித்த மருத்துவர் ‘தினமும் கொஞ்சம் கூடுதலாக நடங்கள்’ என்று சொல்லும்போது அவரிடம் வாதாடுவதைவிட, அந்த 2021 நெறிமுறையின் உரிய பக்கத்தையும் ஒரு பக்கச் சுருக்கத்தையும் நீட்டுவது மேல். சுருக்கத்தில் ‘மிகவும் களைப்பாக இருக்கிறது’ என்ற வகை வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ‘20 நிமிடம் உட்கார்ந்து பேசினால் மறுநாள் மாலை முதல் எழ முடியவில்லை’ என்பது போல அளவும் விளைவும் சேர்ந்த வரிகள் ஐந்தாறு போதும்; அவை குறிப்பேட்டிலிருந்தே வரும். மருத்துவர் பார்ப்பது பல நாள் ஓய்வெடுத்துச் சேர்த்த ஆற்றலில் வந்து உட்கார்ந்திருக்கும் மனிதரை என்பதையும், அந்தச் சந்திப்புக்குப் பிந்தைய மூன்று நாள்களை அவர் ஒருபோதும் பார்ப்பதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உடன் வரும் ஒருவர் பேச்சைக் குறித்துக்கொண்டால் நல்லது.

வேலைவாய்ப்பு, ஊனச் சலுகை, காப்பீடு தொடர்பான படிவங்களிலும் இதே முறைதான். ‘நடக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு ‘முடியும்’ என்று நேர்மையாக எழுதுபவர் தம் கோரிக்கையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். தொடர்ந்து, திரும்பத் திரும்ப, பின்விளைவின்றி முடியுமா என்பதற்கே விடை எழுத வேண்டும். அனுப்பும் தாள் ஒவ்வொன்றுக்கும் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். படிவத்தை ஒரே மூச்சில் முடிக்காமல் பகுதி பகுதியாக நிரப்பி, அதனால் வந்த சரிவையும் தேதியோடு குறிப்பேட்டில் சேர்க்கலாம், அதுவும் சான்றே.

‘குணமாக்குகிறேன்’ என்று பணம் கேட்பவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2009-இல் ‘சயின்ஸ்’ இதழ், எச்.ஐ.வி.யைப் போலவே ரெட்ரோவைரஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸை இந்த நோயோடு தொடர்புபடுத்திய ஆய்வை வெளியிட்டு, 2011-இல் திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் மருத்துவரின் கண்காணிப்போடும் இல்லாமலும் எச்.ஐ.வி. மருந்துகளை உட்கொண்ட நோயாளிகள் உண்டு. தேர்ந்த ஆய்வே தடுமாறும் துறையில் விளம்பரத்தை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

நோய் முற்றினால் ஒளியும் ஒலியும் தாங்காமல், விழுங்கவும் பேசவும் இயலாத நிலை வரக்கூடும். அந்த நிலையில் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பேச முடிகிறபோதே எழுதி வைக்க வேண்டும்: இருட்டான தனி அறை, தாழ்ந்த குரல், ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, படுத்தபடியே பரிசோதனை, எடை குறைந்தால் குழாய்வழி உணவைத் தாமதிக்காமல் தொடங்குவது, கட்டாய உடற்பயிற்சி கூடாது என்பது. ஒரு பிரதி வீட்டில் கவனித்துக்கொள்பவரிடமும் மற்றொன்று மருத்துவக் கோப்பிலும் இருக்கட்டும். நிலை மாறும்போதெல்லாம் தேதியிட்டுத் திருத்த வேண்டும்.